ஆறு பழைய புடவையும் அப்பத்தா போர்வையும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது மெஷினில் ஆரம்பித்து, ஊசி உடைந்து, கடைசியில் கையால் தைத்து முடித்த போர்வை. நாலே நாளில் முடிக்கிறேன் என்று வீட்டில் சவடால் விட்டேன், ஐந்து வாரம் இழுத்தது. எங்கெங்கே சொதப்பினேன் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன், ஏனென்றால் இதே தப்பைச் செய்யாமல் இருந்தால் உங்களுக்கு மூன்று வாரத்தில் முடிந்துவிடும்.

எங்கள் வீடு ஊட்டியில் காந்தல் பக்கம், ஒரு பள்ளத்தில் இருக்கிறது. குளிர்ந்த காற்று கனமானது, ராத்திரியில் மேட்டிலிருந்து வழிந்து வந்து பள்ளத்தில்தான் தேங்கும். அதனால் உறைபனி விழுந்தால் மேட்டுத் தெருவுக்கு முன்னால் எங்கள் தெருவுக்கு வந்துவிடும். நவம்பரில் நீர்ப்பனியாக ஆரம்பிக்கும், டிசம்பர் ஜனவரியில் வானம் துடைத்துவிட்ட மாதிரி மேகமே இல்லாத ராத்திரிகளில் உறைபனியாகும். காலையில் ஸ்கூட்டர் சீட்டில் உப்பைக் கொட்டிப் பரப்பியது போல இருக்கும், சின்னவன் அதில் விரலால் தன் பேரை எழுதிவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவான்.

நாங்கள் பழகிவிட்டோம். அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, பழக்கமில்லை. திண்டுக்கல் வீட்டில் ஓடு மாற்றுகிற வேலை நடப்பதால் இந்த முறைதான் குளிர்காலத்தில் எங்களோடு இருக்க வந்தார், வந்து இறங்கிய அன்றே, "ஏத்தா, இந்த ஊர்ல எப்படித்தான் குப்பை கொட்டுறீங்களோ" என்றார். கம்பளி கொடுத்தால் குத்துகிறது என்கிறார். ரூம் ஹீட்டர் போட்டால் மூக்கு வறண்டு போகிறது, அதோடு எங்களுடையது 2000 வாட், ஒரு மணி நேரத்துக்கு 2 யூனிட், ராத்திரி முழுக்க ஓடவிட்டால் கரண்ட் பில்லைப் பார்த்து எனக்குத்தான் வியர்க்கும். மூன்றாம் நாள் அத்தை ஒரு யோசனை சொன்னார்: ஒரு சட்டியில் கரியைப் போட்டுக் கனிய வைத்துக் கட்டிலுக்கு அடியில் வைத்தால் என்ன? அன்றைக்குத்தான் கல்யாணம் ஆகி முதல்முறையாக அத்தையிடம் குரலை உயர்த்தினேன். ஜன்னலைச் சாத்திய அறைக்குள் கரி அடுப்பு வைத்துத் தூங்கி, கார்பன் மோனாக்சைடில் மறுநாள் எழுந்திருக்காதவர்கள் கதை இங்கே எல்லோருக்கும் தெரியும். புகை இருந்தால் இருமலாவது வரும், இதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை.

சரி, போர்வைக்கு வருகிறேன். அத்தை கொண்டுவந்த பையில் ஆறு பழைய புடவைகள் இருந்தன. "கரித்துணிக்கு ஆகும்னு எடுத்தாந்தேன்." எடுத்துப் பார்த்தால் கரித்துணிக்குப் போடுகிற மாதிரியா இருக்கிறது? நாலு பருத்திப் புடவை, பதினைந்து இருபது வருடம் துவைத்துத் துவைத்து வெண்ணெய் மாதிரி ஆனவை. ஒன்று சுங்குடி, முந்தானைப் பக்கம் நல்லது, உடம்புப் பக்கம் முழுக்கக் கிழிசல். இன்னொன்று பச்சையில் பூப்போட்டது, அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

போர்வைக்குப் பழைய புடவைதான் சரி. காசு மிச்சம் என்பதற்காகச் சொல்லவில்லை. புதுத் துணி முதல் துவையலில் சுருங்கும், ஆறு அடுக்கு ஆறு விதமாகச் சுருங்கினால் போர்வை அப்பளம் மாதிரி ஆகிவிடும். பழையது சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி, போக வேண்டிய சாயமெல்லாம் போயிருக்கும். அப்படியும் ஒருமுறை தனித்தனியாக ஊறவைத்துப் பாருங்கள். சுங்குடியின் அரக்குச் சாயம் இத்தனை வருடம் கழித்தும் தண்ணீரில் இறங்கியது. கல் உப்பு போட்டால் சாயம் நிற்கும் என்று எல்லோரும் சொல்வார்கள், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, போகிற சாயம் போகத்தான் செய்யும். தண்ணீர் தெளியும்வரை அலசுவதுதான் வழி. ஐந்து தண்ணீர் ஆனது.

அளவு இப்படி. புடவை ஐந்தரை மீட்டர், அதாவது சுமார் 216 அங்குலம், அகலம் 46. அதை 60 அங்குலத் துண்டுகளாகக் கிழித்தால் மூன்று துண்டு, 36 அங்குலம் மிச்சம். கிழித்தால் என்றுதான் சொல்கிறேன், கத்தரிக்காதீர்கள், ஓரத்தில் ஒரு வெட்டு கொடுத்துவிட்டுக் கையால் கிழித்தால் நூல் பிடித்தபடி நேராகப் போகும். இரண்டு துண்டைப் பக்கம் பக்கமாக வைத்து நடுவில் 6 அங்குலம் ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி விட்டால் 86க்கு 60, ஓரம் மடித்தபின் 84க்கு 58. ஒரு ஆளுக்குத் தாராளம். நாலு பருத்திப் புடவையில் பன்னிரண்டு துண்டு, இரண்டிரண்டாக ஆறு அடுக்கு. மிச்சத் துண்டுகள் கிழிசலுக்கு ஒட்டுப்போட. நடுவில் பஞ்சு வேண்டாம். அடுக்குகளுக்கு நடுவே மாட்டிக்கொள்கிற காற்றுதான் சூட்டைத் தாங்கி நிற்கிறது, பஞ்சு திணித்தால் ஒரே வருடத்தில் கட்டி கட்டியாகிவிடும், ஊட்டி ஈரத்தில் காயவும் காயாது.

இதை எல்லாம் இப்போது தெளிவாகச் சொல்கிறேனே தவிர, முதல் நாள் நான் செய்தது வேறு.

அந்தப் பச்சைப் புடவையும் பருத்தி என்று நினைத்து உள் அடுக்கில் போட்டுவிட்டேன். மேலே இஸ்திரி போட்டபோது ஒரு வாடை வந்தது, பெட்டியைத் தூக்கினால் நடுவில் துணி பளபளவென்று சுருண்டு ஒட்டியிருக்கிறது. பாலியஸ்டர். அதன்பின்தான் ஒவ்வொரு புடவையிலும் ஒரு நூலை உருவி மெழுகுவர்த்தியில் காட்டிப் பார்த்தோம். பருத்தி காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாக உதிரும், பாலியஸ்டர் உருகி நுனியில் கடுகு மாதிரி உருண்டை கட்டும். பிள்ளைகளுக்கு இது பெரிய வேடிக்கையாகிவிட்டது, சின்னவன் தன் சட்டை, அவன் அப்பா லுங்கி என்று எல்லாவற்றிலும் நூல் உருவ ஆரம்பித்தான். இந்தச் சோதனையை முதலில் செய்யுங்கள், பெரியவர்கள் செய்யுங்கள்.

அடுத்தது மெஷின். என்னிடம் இருப்பது பழைய மிதி மெஷின், பிளவுஸ், பாவாடை எல்லாம் அதில்தான். 14ஆம் நம்பர் ஊசியை மாற்றித் தடிமனான 16ஆம் நம்பர் போட்டு, அடுக்குகளைக் குண்டூசியால் குத்தி, நேர்கோடாக விட்டேன். முதல் கோடு முடியும்போது மேல்துணி இரண்டு விரல் நீளம் தள்ளிப்போயிருந்தது. கீழே இருக்கிற பற்கள் அடித்துணியை இழுக்கின்றன, மேலே பிரஷர் ஃபுட் மேல்துணியை அழுத்திப் பிடிக்கிறது, நடுவில் ஆறு அடுக்கும் வழுக்குகிறது, வேறென்ன ஆகும். பிரித்துவிட்டு மறுபடி. மூன்றாவது கோட்டில் நடு இணைப்பு வந்தது. அங்கேதான் பெரிய முட்டாள்தனம்: ஆறு அடுக்குக்கும் இணைப்பை ஒரே இடத்தில் வைத்திருந்தேன், அதனால் அந்த இடத்தில் மட்டும் பன்னிரண்டு அடுக்கு. டக்கென்று ஒரு சத்தம், ஊசி இரண்டாகி முனைத்துண்டு துணிக்குள் போய்விட்டது.

ராத்திரி போர்த்திக்கொள்கிற துணிக்குள் ஊசி முனை. அப்படியே விட முடியுமா? பிரிட்ஜில் பில்லைக் குத்தி வைத்திருக்கிற காந்தத்தை எடுத்து, நானும் மகளும் துணியை அங்குலம் அங்குலமாகத் தடவினோம். அரை மணி நேரம் கழித்து காந்தம் ஒரு இடத்தில் லேசாகத் தயங்கியது. அடுக்கை விலக்கினால் அரிசியில் பாதி நீளத்துக்கு மினுக்கென்று ஒரு முனை. இன்னமும் அதை ஒரு தீப்பெட்டியில் வைத்திருக்கிறேன்.

அத்தை இதையெல்லாம் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் மெதுவாக, "நாங்க என்ன மெஷின்லயா தைச்சோம்" என்றார். ஏன் அத்தை முதலிலேயே சொல்லவில்லை என்றால், "நீ கேக்கலையே."

ஆக, கைத்தையல். கூடத்தில் பாயை விரித்து, அதன்மேல் அடுக்குகளைப் பரப்பி, இந்த முறை இணைப்புகளை அடுக்குக்கு அடுக்கு கொஞ்சம் தள்ளித் தள்ளி வைத்தோம். கோணி ஊசி எடுத்தேன், அத்தை பிடுங்கி வைத்துவிட்டார், அது நைந்த துணியில் ஓட்டையைப் போட்டுவிடும். கண் பெரிதாக இருக்கிற நீளமான கைத்தையல் ஊசி போதும். நூல் விஷயத்தில் மட்டும் அத்தை பேச்சைக் கேட்டிருக்கக் கூடாது. பூக்கட்டுகிற நூலே போதும் என்றார், ஒரு முழம் தைப்பதற்குள் மூன்று முறை அறுந்தது. எம்ப்ராய்டரி நூல் வாங்கி, ஆறு இழையில் மூன்றைப் பிரித்து, மெழுகுவர்த்தியில் ஒரு இழுப்பு இழுத்துக்கொண்டால் சிக்கு விழாது. நடுவிரலுக்கு அங்குஸ்தான், அதாவது ஊசி குத்தாமல் இருக்க விரல்நுனியில் மாட்டுகிற குப்பி, கட்டாயம். முதல் இரண்டு நாள் வீறாப்பாக அது இல்லாமல் தைத்தேன், மூன்றாம் நாள் இட்லி மாவு கரைக்க உப்பில் கை வைத்தபோது புத்தி வந்தது.

பழம்புடவையை அடுக்கி ஓட்டுத் தையல் போடுவது எங்கள் ஊர் வித்தை மட்டும் இல்லை. வங்காளத்தில் காந்தா, வட கர்நாடகத்தில் கவுதி. நான் வீடியோவில் பார்த்து மயங்கியது சித்தி என்கிற இனத்துப் பெண்கள் தைப்பது. கர்நாடகத்தில் எல்லாப்பூர், ஹளியாள் பக்கத்துக் காடுகளில் இருக்கிற, ஆப்பிரிக்காவிலிருந்து பல தலைமுறைக்கு முன்னால் வந்தவர்களின் வம்சம் அவர்கள். அவர்கள் போர்வைக்கு கவந்தி என்று பேர். ஒரு மூலையில் ஆரம்பித்து, ஓரத்தை மடித்தபடியே சுற்றிவந்து, சுற்றுச் சுற்றாக உள்ளே போய் நடுவில் முடிப்பார்கள். துணியை இழுத்துக் கட்டுகிற மரச்சட்டம் வேண்டாம், தனியாக ஓரத்துணி வேண்டாம், ஓரத்தையல் முதல் சுற்றிலேயே முடிந்துவிடுகிறது. நாலு மூலையிலும் துணியை முக்கோணமாக மடித்து அடுக்கி வைத்துத் தைப்பார்கள், அதை பூலா என்பார்கள், பூ. அது இல்லாத போர்வை அம்மணம் என்று சொல்வார்களாம். நாங்களும் சுங்குடியில் கிழித்து நாலு மூலைக்கும் வைத்தோம்.

அந்தச் சுங்குடியை அன்றுதான் கிட்டத்தில் பார்த்தேன். இப்போது கிடைப்பதில் பாதி அச்சு, புள்ளிகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். இது கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்தது. ஒவ்வொரு புள்ளியும் ஒவ்வொரு மாதிரி, ஒன்று சதுரம் போல, ஒன்று கோணலான வளையம், முடிச்சு போட்டவர் கொஞ்சம் தளர்த்திவிட்ட இடத்தில் வெள்ளைக்குள் அரக்கு கசிந்து நரம்பு மாதிரி ஓடியிருக்கிறது. அதன்மேல் ஊசி குத்தவே எனக்கு மனசு வரவில்லை. அத்தைதான், "பெட்டியில கிடந்து இத்துப் போறதுக்கு இது எவ்வளவோ மேல்" என்று கிழித்தே கொடுத்துவிட்டார்.

தையல் கோடுகளுக்கு நடுவே இடைவெளி இரண்டு விரல் கனம், ஒன்றேகால் அங்குலம். எவ்வளவு தைக்க வேண்டியிருக்கும் என்று நான் பெருமூச்சு விட்டபோது ஏழாவது படிக்கிற மகள் நோட்டை எடுத்தாள். பரப்பளவை இடைவெளியால் வகுத்தால் நீளம் வந்துவிடும் என்றாள். 84 பெருக்கல் 58, அதை 1.25 ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 3900 அங்குலம், 325 அடி. "அம்மா, நூறு மீட்டர் ஓட்டப் பந்தயம்." நூல் முன்னும் பின்னும் ஏறி இறங்குவதையும் சேர்த்து 120 மீட்டர் வைத்து, 8 மீட்டர் நூல்கட்டு ஒன்றை மூன்று மூன்று இழையாகப் பிரித்தால் 16 மீட்டர், ஆக எட்டுக் கட்டு, சேதாரத்துக்கு இரண்டு, மொத்தம் பத்து வாங்கினோம். ஒன்பதரை தீர்ந்தது. கணக்கில் எனக்கு என்றுமே இவ்வளவு திருப்தி வந்ததில்லை.

அதன்பின் சாயங்காலங்கள் ஒரு மாதிரி ஒழுங்குக்கு வந்தன. ஆறரை மணிக்குள் சமையலை முடித்துவிட்டு ஆளுக்கு ஒரு பக்கம் உட்கார்ந்துவிடுவோம். போர்வையின் சௌகரியம் என்னவென்றால் தைக்கும்போதே காலை உள்ளே விட்டுக்கொள்ளலாம். நான் ஒரு ஓரம், அத்தை எதிர் ஓரம், நடுவில் வீட்டுப்பாடம் எழுதுகிற இரண்டு பிள்ளைகளின் கால்கள், ஒன்பது மணிக்கு மேல் வேலையிலிருந்து வருகிற அவருடைய ஐஸ்கட்டிக் கால்கள், எல்லோரும் கத்துவோம். சுக்குக் காபி, வர்க்கி. வர்க்கியைத் தைக்கிற இடத்தில் சாப்பிடக் கூடாது என்று சட்டம் போட்டேன், யாரும் மதிக்கவில்லை, நானும்தான். அடுக்குக்குள் எங்கேயோ வர்க்கித் தூள் இருக்கிறது, எறும்புக்குத் தெரியாமல் இருக்க வேண்டும்.

சின்னவனும் தைப்பேன் என்று அடம். ஒரு முழம் கொடுத்தோம். அவன் தையல் ஒவ்வொன்றும் ஒரு அங்குலம், கோடு ஆறு மாதிரி வளைந்து போகிறது. ராத்திரி பிரித்துவிட்டுத் திரும்பத் தைத்துவிடலாம் என்று ஊசியை எடுத்தேன். அத்தை பார்த்த பார்வையில் கீழே வைத்துவிட்டேன்.

ஜனவரியில் ஹெத்தையம்மன் பண்டிகைக்கு உள்ளூர் விடுமுறை விட்டார்கள், அன்றைக்கு உட்கார்ந்தால் முடித்துவிடலாம் என்று நினைத்தபோதுதான் கடைசிப் பிரச்சினை. நடுவில் தலையணை அளவு இடம்தான் பாக்கி, ஆனால் மேல்துணி அங்கே பூரி மாதிரி உப்பிக்கொண்டு நிற்கிறது. ஓரத்திலிருந்து உள்ளே வர வர, ஒவ்வொரு தையலும் மேல்துணியை இத்தனூண்டு முன்னால் தள்ளியிருக்கிறது, தள்ளியதெல்லாம் நடுவில் சேர்ந்துவிட்டது. சித்திப் பெண்களுக்கு இது ஏன் வருவதில்லை என்று அப்போதுதான் புரிந்தது: அவர்கள் மேலே ஒரே துணியைப் பரப்புவதில்லை, சின்னச் சின்னத் துண்டுகளைத் தைத்துக்கொண்டே போகிறார்கள், மிச்சம் சேர வழியே இல்லை. நான் பாதி வித்தையைத்தான் திருடியிருக்கிறேன். ஒரே துணியைப் பரப்பித்தான் தைப்பேன் என்றால், முதலில் முழுப் போர்வைக்கும் ஒரு சாண் இடைவெளியில் பெரிய பெரியதாக நூலோட்டிவிட்டுத் தொடங்குங்கள், கடைசியில் அதை உருவிவிடலாம்.

பிரித்தால் ஐந்து வாரம் போச்சு. மனசைக் கல்லாக்கிக்கொண்டு உப்பின இடத்தில் மேல்துணியை மட்டும் ஒரு ஜாண் நீளத்துக்குக் கத்தரித்து, ஒன்றின்மேல் ஒன்று ஏற்றிப் படிய வைத்து, அதை மறைக்கச் சுங்குடி முந்தானையில் ஒரு சதுரத்தை மேலே வைத்துத் தைத்தேன். இப்போது பார்க்கிறவர்கள் எல்லாம் நடுவில் அந்தச் சுங்குடி என்ன அழகு, எப்படித் தோன்றியது என்று கேட்கிறார்கள். நானும் ஆமாம், முதலிலேயே யோசித்து வைத்ததுதான் என்கிறேன்.

எடை ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். உறைபனிக்கு இது மட்டும் போதாது, உள்ளே இது, மேலே கம்பளி, அப்போது கம்பளி குத்தாது. துவைத்தால் இங்கே காய மூன்று நாளாவது ஆகும், அதனால் துவைப்பதைவிட வெயிலில் போடுவதுதான் அதிகம். உறைபனி விழுந்த ராத்திரிக்கு மறுநாள் வெயில் சுள்ளென்று அடிக்கும், பத்து மணிக்குக் கொடியில் போட்டு மூன்று மணிக்குள் எடுத்துவிட வேண்டும், நாலு மணி ஆனால் மறுபடி ஈரம் ஏறிவிடும்.

அந்தப் பச்சை பாலியஸ்டர் புடவை? வாசல் கதவுக்கு அடியில் விரல் நுழைகிற அளவுக்குச் சந்து, அங்கே வருகிற காற்றுதான் கூடத்தையே குளிரவைக்கிறது. பழைய பேன்ட் காலைக் கதவின் அகலத்துக்கு வெட்டி, ஒரு பக்கம் மூடித் தைத்து, உள்ளே உமி அடைத்துச் சந்தில் வைத்தேன். மூன்றாம் நாள் எலி. உமியோடு ஒட்டியிருந்த நாலு நெல்லுக்காகப் பேன்ட் காலை மென்று தின்றிருக்கிறது. உமியைக் கொட்டிவிட்டு, பச்சைப் புடவையைப் பட்டை பட்டையாக வெட்டித் திணித்தேன், எலி அப்புறம் அந்தப் பக்கம் வரவில்லை, ஈரமும் பிடிக்கவில்லை. சின்னவன் இரண்டு பொத்தானைக் கண்ணாக வைத்து, நாக்குக்குச் சிவப்பு நாடா ஒட்டி, அதற்குச் சாரை என்று பேர் வைத்துவிட்டான். பால்காரர் முதல் நாள் கதவு திறந்தபோது ஒரு அடி பின்னால் போனார்.

பிப்ரவரி கடைசியில் அத்தை கிளம்பினார். பையைக் கட்டும்போது பார்த்தால் போர்வை உள்ளே மடித்து இருக்கிறது. திண்டுக்கல் வெயிலுக்கு இதை எப்படிப் போர்த்துவீர்கள் என்று கேட்டேன். "போத்துறதுக்கா? கீழ விரிச்சுப் படுப்பேன், தரைக்கு மெத்துனு இருக்கும்" என்றார். சின்னவன் தான் தைத்த ஒரு முழத்தைத் தேடிக் கண்டுபிடித்து, அந்தப் பக்கம்தான் தலை வைக்க வேண்டும் என்று அப்பத்தாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டான்.

இப்போது எங்களுக்கு ஒன்றும் இல்லை. அக்காவிடம் இரண்டு, பக்கத்து வீட்டில் ஒன்று என்று மூன்று பழம்புடவை சேர்ந்திருக்கிறது, இன்னும் ஒன்று வேண்டும். மூன்றிலும் நூல் உருவிக் கொளுத்திப் பார்த்தாயிற்று.